அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை அவ்வளவு சுகமானதா?

சேலத்தில் எல்லாரும் "கை நிறையச் சம்பளம், கோடை லீவு, ஏற்காட்டில் போஸ்டிங் கிடைத்தால் இன்னும் ஜாலி" என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம்பளம் பாதி உண்மை. நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு நல்ல ஊதியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2012-இல் ஓவியம், தையல், உடற்கல்விக்கு எடுத்த பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் தொடங்கினார்கள். 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களை, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத்தில்தான் போட்டார்கள். தனியார் பள்ளி டீச்சர்களை ஊர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

வேலைதான் ஊருக்குத் தெரியாதது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். மலைக் கிராமங்களில் பள்ளிகள் சின்னவை; ஐந்து வகுப்புக்கும் அந்த இரண்டு பேர்தான். ஒருவர் பயிற்சிக்கென்று கீழே இறங்கினால், மற்றவர் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டிக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லித்தர வேண்டும். நடுவில் வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் அது தனிக் கூத்து. அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலை தரக் கூடாது என்கிறது. சரி, தேர்தல் என்றாலே வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்குவதும் சேர்த்துத்தானே?

சேலத்தில் குடியிருந்து தினமும் ஏற்காட்டுக்குப் போய்வந்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இரண்டு முறை. அப்புறம் உள்கிராமத்துக்கு வேறு பஸ். போஸ்டிங் வந்தால் முதலில் அந்த பஸ் நேரத்தை விசாரியுங்கள்.