அவர் கையெழுத்தில் நான் தெரபி கொடுக்கலாமா?

கேள்வி: தமிழ்நாட்டில் பி.ஓ.டி. (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில் இளங்கலைப் பட்டம்) முடித்து, குழந்தைகளுக்கான தெரபி சென்டரில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். இப்போது டெக்சாஸில் கணவரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கிறேன். வேலை அனுமதிக்கான ஈஏடி கார்டும் வந்துவிட்டது. இங்கே சென்டர் நடத்தும் ஒருவர், “லைசென்ஸ் வரும்வரை நீங்கள் பிள்ளைகளைப் பாருங்கள், நோட்ஸில் நான் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன்” என்கிறார். சேரலாமா? லைசென்ஸுக்கு எங்கே தொடங்குவது?

பதில்: சேராதீர்கள். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனாலும் வேண்டாம்.

அமெரிக்காவில் வேலை செய்யலாம் என்பதற்குத்தான் ஈஏடி. ஓ.டி.யாக, அதாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, வேலை செய்யலாமா என்பதை முடிவுசெய்வது மாநிலம். டெக்சாஸில் அதற்கான சட்டம் தொழில்கள் சட்டத்தொகுப்பின் 454ஆம் அத்தியாயம். லைசென்ஸ் கொடுப்பது ஆஸ்டினில் இருக்கும் ஓ.டி. போர்டு. லைசென்ஸ் இல்லாமல் தெரபி கொடுப்பது மட்டுமல்ல, ஓ.டி. என்று சொல்லிக்கொள்வதும் தப்பு. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் “நான் ஓ.டி., வீட்டுக்கு வந்து சொல்லித்தருகிறேன்” என்று போடுவதும் இதில் அடங்கும்.

அந்தக் கையெழுத்து விவகாரம் இன்னும் மோசம். ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து பட்டன் போடவும் கத்தரிக்கோல் பிடிக்கவும் பழக்குகிறீர்கள் என்று வையுங்கள். பெரும்பாலும் 97530 என்ற பில்லிங் கோடில், 15 நிமிடத்துக்கு ஒரு யூனிட் என்று பில் போகும். தெரபிஸ்ட் நேருக்கு நேர் இருந்து கொடுத்த சிகிச்சை என்பதுதான் அந்தக் கோடுக்கு அர்த்தம். பார்த்தது நீங்கள், கையெழுத்து அவருடையது என்றால் பில்லே பொய். பிள்ளைக்கு மெடிக்கெய்ட் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு இருந்தால் அது அரசாங்கத்திடம் பொய்க் கணக்குக் காட்டிய குற்றமாகும். அபராதம் ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனி. நாளை கிரீன் கார்டுக்குப் போகும்போது இந்தக் கறை உங்களைத்தான் துரத்தும்.

இனி லைசென்ஸ். முதல் கதவு போர்டு அல்ல, என்பிசிஓடி என்கிற தேசியச் சான்றளிப்பு அமைப்பு. வெளிநாட்டில் படித்தவர்களின் தகுதியை ஓடெட் என்ற பரிசீலனையில் அவர்கள் பார்ப்பார்கள். உலக ஓ.டி. கூட்டமைப்பின் அங்கீகாரம் உங்கள் படிப்புக்கு நீங்கள் படித்த காலத்தில் இருந்ததா என்று கல்லூரியில் கேளுங்கள். இப்போது இருக்கிறதா என்று அல்ல. அந்தக் கூட்டமைப்பு கேட்கும் களப்பயிற்சி குறைந்தது 1000 மணி நேரம். மணிக்கணக்கும் உங்கள் பேட்ச் சிலபஸும் கல்லூரி முத்திரையோடு வேண்டும். ஊரில் ஒருவர் நேரில் போய் நிற்காமல் இது நகராது. அப்பாவையோ தம்பியையோ இப்போதே அனுப்புங்கள்.

ஒரு சிக்கல்: அமெரிக்காவில் ஓ.டி. தொழிலுக்கான நுழைவுப் படிப்பு 2007 முதல் பட்டமேற்படிப்பு நிலையில் இருக்கிறது. உங்கள் பி.ஓ.டி.யை அதோடு ஒப்பிடுவார்கள். எம்.ஓ.டி. என்கிற முதுகலைப் பட்டம் இருந்தால் அந்தக் காகிதங்களையும் சேருங்கள்; இல்லையென்றால் பணம் கட்டுமுன் என்பிசிஓடிக்கே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பெயரையும் பாருங்கள். டிகிரியில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், ஈஏடியில் கணவர் பெயர். நம்மூர்க்காரர்களின் ஃபைல் பாதி இங்கேதான் முடங்குகிறது. மூன்றும் ஒருவரே என்பதற்குத் திருமணச் சான்றிதழ், அஃபிடவிட் எல்லாம் முதலிலேயே தயாராக இருக்கட்டும்.

பரிசீலனை முடிந்தால் தேர்வு. மதிப்பெண் 300 முதல் 600 வரை. 450 எடுத்தால் பாஸ். பிறகு டெக்சாஸ் போர்டில் விண்ணப்பம், கைரேகை, மாநில விதிகள் பற்றிய ஆன்லைன் தேர்வு. சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கேட்பார்கள். பிள்ளைப் பராமரிப்புத் தொகை கட்டாமல் ஓடுகிறவர்களைப் பிடிக்க வந்த கூட்டரசுச் சட்டம் அதற்குக் காரணம்! ஈஏடி இருப்பதால் உங்களுக்கு அந்த எண் கிடைக்கும். கணவருக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தால் என்பிசிஓடி சான்று கூடவே வரும், டெக்சாஸ் லைசென்ஸ் வராது.

அதுவரை அந்த சென்டரில் உதவியாளராக, அறையை ஒழுங்கு செய்ய, சாமான் எடுத்து வைக்க என்று சேரலாம். வேலை இன்னதுதான் என்று கடிதம் வாங்குங்கள். மதிப்பீடு, சிகிச்சைத் திட்டம் பக்கம் போகாதீர்கள்.

‘ட்ரையல்’ என்று ஏற்கெனவே ஒன்றிரண்டு பிள்ளைகளைப் பார்த்துவிட்டீர்களா? அப்படியானால் போர்டு விண்ணப்பத்தைத் தொடாமல், தேதிகளையும் வந்த மெசேஜ்களையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு, டெக்சாஸில் தொழில் லைசென்ஸ் வழக்குகள் பார்க்கும் வக்கீலை முதலில் பாருங்கள்.