கேள்வி பதில்: ஹட்டனில் ஒரு மதுரைக்காரி

கேள்வி: மதுரையிலிருந்து இலங்கை மலையகத்தில் உள்ள ஹட்டனுக்கு வாழ வந்தவர் நீங்கள். எங்கள் அரசியலில் உங்களுக்கு வியப்பாக இருந்தது எது? (வாசகி, பண்டாரவளை)

பதில்: ஓட்டுச் சீட்டுதான். எங்கள் ஊரில் இயந்திரத்தில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு வந்துவிடுவோம், இங்கேயோ காகிதம், அதிலும் ஜனாதிபதித் தேர்தல் என்றால் 1, 2, 3 என்று விருப்பு வரிசை வேறு போடலாம். 2024இல் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் முதல்முறையாக இரண்டாம் விருப்பை எண்ணியபோது எதிர்வீட்டு அம்மா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். "எங்க அப்பாவுக்கு ஓட்டே இருக்கல மகள்" என்றார். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியதைப் படித்திருக்கிறேன், ஆனால் பிளேன்டீயை ஊதிக்கொண்டே ஒருவர் சொல்லிக் கேட்பது வேறு. எனக்கும் இங்கே ஓட்டு இல்லை, சரி, அது நானாகத் தேடிக்கொண்டது; அவர் அப்பா இங்கேயே பிறந்தவர்.

கேள்வி: இன்னும் பழகாதது?

பதில்: அறிமுகமானதும் "எந்த ஊர்?" என்று கேட்காமல் "எந்தத் தோட்டம்?" என்கிறார்கள், தேயிலைத் தோட்டத்தைத்தான். அதன் ஒவ்வொரு பிரிவும் ஒரு டிவிசன். மதுரை என்றேன், "அது எந்த டிவிசன்?" என்றார் ஒரு தாத்தா. அப்புறம் இந்த மழை. துவைத்த துணி மூன்று நாளாக அடுப்படியில்தான் தொங்குகிறது.