திருச்சி – யாழ்ப்பாணம்: 22 நிமிடமா, ஒரு மணி நேரமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணம். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு 184 கிலோமீட்டர்தான், 22 நிமிடத்தில் போய்விடலாம் என்று இணையத்தில் ஒரு கணக்கு காட்டுகிறது. டிக்கெட்டிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது. எதை நம்புவது? விமானம் ரத்தானால் நஷ்டஈடு உண்டா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தூரம் சரிதான், அம்மா. நேர்க்கோடு போட்டால் அதிராம்பட்டினம் பக்கம் கரையைத் தாண்டி, பாதித் தூரம் நிலம், பாதித் தூரம் பாக் நீரிணை. அந்த 22 நிமிடம் வந்தது, மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தால் தூரத்தை வகுத்ததால். இந்தத் தடத்தில் 2025 மார்ச் 30 முதல் இன்டிகோ ஓட்டுவது ஏடிஆர் என்னும் சிறிய புரொப்பெல்லர் விமானம். அது மேலே ஏறி முழு வேகம் பிடித்துக் கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்கியபின் நிறுத்துமிடம் வந்து சேர்வதும் கணக்கில் உண்டு. நிற்குமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை உள்ள இந்த மொத்த நேரத்தைத்தான் 'பிளாக் டைம்' என்பார்கள். டிக்கெட்டில் இருப்பது அதுதான். அதையே நம்புங்கள்.

உங்கள் நஷ்டஈடும் அதை வைத்துத்தான். இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் (டிஜிசிஏ) விதிப்படி, பிளாக் டைம் ஒரு மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றே, ஆகவே வந்துசேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தாலே போதும். 60 நிமிடமா 65 நிமிடமா என்பதில் 2,500 ரூபாய் வரை வித்தியாசம் இருக்கிறது!

ரத்து என்பதை 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லாமல் விட்டால்தான் இந்தத் தொகை. அப்போதும் நீங்கள் ஒப்புக்கொள்ளும் மாற்று விமானம் தந்தால் கிடைக்காது. தராவிட்டால் முழுக் கட்டணத்தோடு சேர்த்துத் தர வேண்டும். புயல், கடும் மழை போன்ற காரணங்களுக்கு நஷ்டஈடு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பயணம் என்றால் கல்யாணத்துக்கு முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

நேரத்துக்கு வந்து செக்-இன் செய்தபின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சிற்றுண்டி கேட்டு வாங்கலாம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். டிராவல்ஸ்காரர்கள் பல நேரம் தங்கள் செல்பேசி எண்ணையே பதிந்துவிடுகிறார்கள். ரத்துச் செய்தி அவர்களுக்குப் போகும், உங்களுக்கு வராது. சரியான தொடர்பு விவரம் தராதவர்களுக்கு நஷ்டஈடு இல்லை என்று விதியே சொல்கிறது. முன்பதிவின்போதே உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். நிறுவனம் கைவிரித்தால் இந்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர்சேவா' இணையதளத்தில் புகார் செய்யலாம்.