குட்டித் தீவு நாட்டுக்கு எதுக்கு தனியா பல்லுயிர் கொள்கை?

கேள்வி இதான்: மொரீஷியஸ் மாதிரி குட்டி தீவுக்கு எதுக்கு பல்லுயிர் பாதுகாப்புக்குன்னு ஒரு தேசிய கொள்கை? சிம்பிளா சொன்னா நாட்டுல இருக்கற செடி, பூச்சி, பறவை, மீன் எதுவும் அழியாம இருக்க அரசு போடற பிளான், 1992-ல வந்த ஐநா பல்லுயிர் ஒப்பந்தத்துல சேர்ந்த நாடெல்லாம் இத போட்டே ஆகணும்.

நம்ம தேன்கனிக்கோட்டை காட்டுல தண்ணி இல்லன்னா யானை பாட்டுக்கு கர்நாடகா பக்கம் நடந்துரும் (போற வழியில ராகியையும் ஒரு கை பாத்துட்டுதான்), ஆனா தீவு உயிருக்கு அப்படி பக்கத்து காடு கிடையாது, ஏரி மீனுக்கும் கிணத்து மீனுக்கும் உள்ள வித்தியாசம்தான். கப்பல்ல வந்த எலி, பன்னி, குரங்கெல்லாம் முட்டைய தின்னும், அதனாலயும் அங்க இருந்த பறக்க முடியாத டோடோ பறவை 17-ம் நூற்றாண்டுலயே அழிஞ்சு போச்சு. மொரீஷியஸ் வல்லூறு 1974-ல காட்டுல வெறும் 4தான் மிச்சம், கூண்டுல வளத்து விட்டு நூத்துக்கணக்குல ஏத்துனாங்க. இங்க உண்ணிச்செடி காட்ட அமுக்கற மாதிரி அங்க வெளியூர் கொய்யா ஒண்ணு அமுக்குது, அத வெட்டறதும் பிளான்லயே வரும்.

நிறைய பேர் இத காட்ட பூட்டிட்டு ஆளுங்கள தொரத்தறதுன்னு நெனைக்கறாங்க, அப்படி இல்ல, அளவா பயன்படுத்தறதும் வர்ற லாபத்த நியாயமா பங்கு போடறதும் அந்த ஒப்பந்தத்துலயே இருக்கு.