பழைய கட்டடப் பாதுகாப்பா, பாலைவன டிசைனா, எதுல கேரியர் போகலாம்?

பி.ஆர்க் முடிக்கப் போறேன், கன்சர்வேஷன் பக்கம் போறதா இல்ல பாலைவன ஊருக்கு ஏத்த மாதிரி புதுசா டிசைன் பண்ற பக்கம் போறதான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் வேற வேற ரூட்டுன்னு யாருங்க சொன்னா? நான் அமெரிக்காவுல நியூ மெக்சிகோவுல மண் கட்டட ரிப்பேர் பாக்குற ஆளு, இங்க இதுக்கு ஜான் கா மீம்னு ஒரு ஆர்க்கிடெக்ட் கதையைத்தான் சொல்லுவாங்க.

மனுஷன் படிச்சது சிவில். 1920-ல டிபி வந்து சாண்டா ஃபே ஊர் சானடோரியத்துக்கு வந்தவரு, பழைய மண் கட்டடங்களைப் பாத்துப் பாத்து அதுலயே விழுந்துட்டாரு. சொந்தமா ஆபீஸ் போட்ட அந்த 1920-கள்லயே ஸ்பானிஷ் பாதிரியாருங்க காலத்து மிஷன் சர்ச்சுகளை ரிப்பேர் பண்ற கமிட்டியிலயும் இருந்தாரு. அதுல அகோமாங்கிற பூர்வகுடி ஊர் சர்ச்தான் பெரிய வேலை, 350 அடி உசரப் பாறை மேல இருக்கு, 17-ம் நூற்றாண்டுக் கட்டடம், பிளான் கமிட்டியோடது, ஒடம்பு ஒழைப்பு அகோமா மக்களோடது. கூரை ஒழுகுனா சுவர் எங்க கரையும், அடி ஏன் அரிக்கும்னு இந்த மாதிரி வேலையிலதான் தெரியும், எந்த காலேஜ் டிசைன் கிளாஸ்லயும் இல்ல.

அப்புறம் 1940-ல முடிஞ்ச கிறிஸ்தோ ரே சர்ச்சைப் பாருங்க, 1761-ல செதுக்குன கல் பலிபீடத் திரை (பலிபீடத்துக்குப் பின்னாடி நிக்கிற சிற்பச் சுவர்) ஒண்ணு இடமில்லாம கெடந்துச்சு, அதை வெக்கிறதுக்குன்னே டிசைன் பண்ணாரு, ஒன்றரை லட்சத்துக்கு மேல சுடாத மண் கல்லு, புதுக் கட்டடம்தான் ஆனா சுவர் நெஜ மண் சுவர்.

அவர் பண்ணது எல்லாம் எனக்குப் பிடிக்கும்னு இல்ல. 1957-ல சாண்டா ஃபேல கட்டடம் பழைய ஸ்டைல்ல இருக்கணும்னு வந்த சட்டத்துலயும் அவர் கை உண்டு, அது வெளித்தோற்றத்தை மட்டும்தான் பாக்கும், அதனால இன்னிக்கு மரச்சட்டத்து மேல பூசி மண் வீடு மாதிரி காட்டுறாங்க, பகல் சூட்டை வாங்கி ராத்திரி விடுற தடிமன் அதுல எங்க இருக்கு? இதுக்கு நேர் எதிரா நியூ மெக்சிகோ டாவ்ஸ் (Taos) பக்கம் ரான்சோஸ் சர்ச்சுல 1967-ல நெஜ மண் சுவர் மேல சிமெண்ட் பூசி, உள்ள ஈரம் மாட்டிக்கிட்டு, 1979-ல மொத்தத்தையும் உரிச்சாங்க, இப்போ வருஷா வருஷம் ஊர்க்காரங்களே மண் பூசுறாங்க.

அதனால மொதல்ல ரிப்பேர் ஆபீஸ்ல சேருங்க. சம்பளம் சுமார்தான், பேப்பர் வேலை உயிரை எடுக்கும். இன்டர்வியூல ஒண்ணு மட்டும் கேளுங்க, வாரத்துல எத்தன நாள் சைட்டுல இருக்க விடுவீங்கன்னு. பதில் மழுப்பலா வந்தா வேற ஆபீஸ் பாருங்க.