மருத்துவர் பதில்: நாள் முழுதும் நாற்காலி, போக வரப் பேருந்து, உடற்பயிற்சிக்கு நேரம் எங்கே?

கேள்வி: எனக்கு வயது 44. இளம்பிள்ளையிலிருந்து தினமும் சேலம் வந்து, அஸ்தம்பட்டியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கராக வேலை பார்க்கிறேன். காலை எட்டேகாலுக்குக் கிளம்பி, பழைய பேருந்து நிலையத்தில் வண்டி மாறி, பத்து மணிக்கு இருக்கையில் அமர்ந்தால், வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிறது. ஜிஎஸ்டி தாக்கலுக்கான 20ஆம் தேதி நெருங்கினால் இன்னும் தாமதமாகும். உயரம் 167 செ.மீ., எடை 78 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. வெறும் வயிற்றில் சர்க்கரை 112, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1. படி இறங்கும்போது இடது முழங்காலில் லேசான வலி உண்டு. ஜிம்மில் சேர்ந்து மூன்றே வாரத்தில் நின்றுவிட்டேன். ஞாயிறுதோறும் நண்பர்களுடன் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்தே ஏறினால் அந்த வாரத்துக்குப் போதுமா? இன்னொரு சந்தேகம்: என் தந்தை ஐம்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்தே நெய்தவர். அவருக்கு வராத சர்க்கரை எனக்கு ஏன் வருகிறது?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற கேள்விகளுக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாபேட்டைப் பகுதியில் ஒரு மருத்துவ முகாமுக்குச் சென்றிருந்தபோது, முகாம் முடிந்து ஒரு நெசவாளர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே குழித்தறியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்புக்கு மேலே பார்த்தால் அவர் அமர்ந்திருப்பவர்தான். குழிக்குள் எட்டிப் பார்த்தாலோ, இரண்டு பாதங்களும் மாறி மாறி மிதிக்கட்டைகளை அழுத்திக்கொண்டே இருந்தன. ஒரு கை கயிற்றை இழுத்து, ஊடை நூலைக் கொண்டுசெல்லும் நாடாவை ஓடவிட, மறு கை அச்சை இழுத்து அடித்துக்கொண்டிருந்தது. நான் தேநீர் குடித்து முடிக்கும் வரை அந்தக் கால்கள் ஒரு நிமிடம்கூட ஓயவில்லை. உங்கள் தந்தை ஐம்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார் என்று நீங்கள் எழுதுவது கண்ணுக்குத் தெரிந்த பாதி மட்டுமே. அவருடைய கெண்டைக்கால் தசைகளும் தொடைத் தசைகளும் நாள் முழுதும் வேலை செய்துகொண்டிருந்தன. உங்கள் கால்களோ மேசைக்கு அடியில் பத்து மணிக்கு நின்றவை, மதிய உணவுக்குத்தான் மறுபடி அசைகின்றன.

இதன் உடலியல் எளிமையானது. நாம் உண்ணும் சோறும் இட்லியும் குளுக்கோஸாகி இரத்தத்தில் கலந்த பிறகு, அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள வேண்டியவை தசைகள். ஓய்வில் இருக்கும் தசை அதை உள்ளே வாங்க இன்சுலினின் உதவியை நாடியிருக்கிறது. சுருங்கி விரியும் தசையோ இன்சுலின் இல்லாமலும் தன் கதவைத் திறந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலையில் இருப்பவர்களுக்கு, அதாவது உங்களைப் போன்ற முன்நிலைச் சர்க்கரைக்காரர்களுக்கு, இந்த இரண்டாவது வழி பெரிய வரம். கால் தசைகளே உடலின் மிகப் பெரிய தசைத் தொகுதி என்பதால், அவை பல மணி நேரம் சும்மா இருப்பதன் விலை அதிகம்.

இதற்கு ஒரு பழைய சான்றும் உண்டு. லண்டன் நகரின் ஈரடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், ஷிப்ட் முழுதும் இருக்கையில் இருந்த ஓட்டுநர்களுக்கு, மாடிப்படி ஏறி இறங்கிப் பயணச்சீட்டு கொடுத்த நடத்துநர்களைவிட இதய நோய் அதிகமாக இருந்தது தெரியவந்தது. ஒரே வண்டி, ஒரே வழித்தடம், ஒரே புகை; மாறியது கால்களின் வேலை. ஓட்டுநர்களுக்குத் தொடக்கத்திலேயே இடுப்பளவு அதிகம் என்பது பின்னர் தெரிந்து இந்த முடிவு விவாதிக்கப்பட்டது; ஆனாலும் அதன் மையக் கருத்தைப் பின்வந்த ஏராளமான ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன.

இனி உங்கள் எண்கள். மூன்று மாதச் சராசரி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் முன்நிலை. நீங்கள் அதன் நடுவில் இருக்கிறீர்கள். உங்கள் உடல் நிறை குறியீடு 28 அளவில் வருகிறது. இந்தியர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடற்பருமன். ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அச்சப்பட வேண்டிய நிலை அல்ல, ஆனால் தள்ளிப்போடக் கூடிய நிலையும் அல்ல. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் உங்களைப் போன்ற முன்நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மூன்று ஆண்டுகளில் 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்குக் கிடைத்த பயனும் ஏறக்குறைய அதே அளவுதான். நம் ஊர் உணவை உண்டு, நம் ஊர் வெயிலில் நடந்தவர்களிடம் கிடைத்த முடிவு என்பதால் வெளிநாட்டு ஆய்வுகளைவிட இதையே நான் நோயாளிகளிடம் அதிகம் சொல்வேன்.

ஜிம்மை விட்டதற்காக வருந்த வேண்டாம். இரவு எட்டரைக்கு வீடு சேர்பவரை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி ஓடச் சொல்வது, தூக்கத்தைத் திருடி உடற்பயிற்சிக்குக் கொடுப்பதாகும். தூக்கக் குறைவும் சர்க்கரையை ஏற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பு போதும் என்கிறது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்த நிபந்தனையையும் அது நீக்கிவிட்டது. கணக்கரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: சில்லறையாகச் செலுத்தினாலும் வரவு வரவுதான்.

அந்தச் சில்லறை உங்கள் நாளில் எங்கெங்கே கிடக்கிறது என்று பார்ப்போம். பழைய பேருந்து நிலையத்தில் வண்டி மாறி அஸ்தம்பட்டிக்கு வருகிறீர்கள். அலுவலகத்துக்கு இரண்டு நிறுத்தங்கள் முன்னதாகவே இறங்கி, மீதித் தூரத்தை நடந்து கடந்துவிடுங்கள். மாலையிலும் அதே தூரம் நடந்து சென்று வண்டி ஏறுங்கள். ஒரு நாள் கடிகாரம் பார்த்து நடந்து, பன்னிரண்டு நிமிடமாவது வருகிறதா என்று சரிபார்த்துக்கொண்டு, எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்பதை முடிவுசெய்யுங்கள். மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் சேர்த்தால் நாளொன்றுக்கு 34 நிமிடம். ஆறு வேலை நாட்களுக்கு 204 நிமிடம். தனியாக நேரம் ஒதுக்காமலேயே வாரக் கணக்கு நிறைவடைந்துவிடுகிறது. வேகம் எவ்வளவு என்று கேட்பீர்கள்: உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகமே மிதமான உழைப்பு.

இவற்றுள் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், மதிய உணவுக்குப் பிந்தைய பத்து நிமிடத்தையே தேர்ந்தெடுப்பேன். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் இரத்தச் சர்க்கரை உச்சத்துக்குப் போகும். டப்பாவைக் கழுவி வைத்ததும் நாற்காலிக்குத் திரும்பாமல் நடக்கத் தொடங்கினால், அந்த உச்சியின் கூர் மழுங்கும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து மதிய வெயிலில் உங்களைத் தெருவில் நடக்கச் சொல்ல மாட்டேன். அப்போது மாடி நடைவழியிலேயே இங்கும் அங்கும் நடங்கள். சக ஊழியர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள், மூன்றாவது வாரம் ஒருவராவது கூட வருவார். என் நோயாளிகள் பலர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது, இருக்கையை விட்டு எழுவது. 2012இல் ஆஸ்திரேலியாவில் டன்ஸ்டன் குழுவினர் செய்த ஆய்வில், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டே நிமிடம் நடந்தவர்களுக்கு, இடைவிடாமல் அமர்ந்திருந்தபோது இருந்ததைவிட உணவுக்குப் பிந்தைய சர்க்கரையும் இன்சுலினும் குறைவாக இருந்தன. ஆடிட்டர் அலுவலகத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுவது நடக்கிற காரியமல்ல; அரை மணிக்கு ஒருமுறை என்றால் முடியும். தண்ணீர்ப் பாட்டிலை மேசையில் வைக்காமல் அறையின் மறுகோடியில் வையுங்கள், கைபேசி அழைப்பு வந்தால் எழுந்து நின்று பேசுங்கள், கோப்பு வேண்டுமென்றால் பையனை அனுப்பாமல் நீங்களே போய் எடுங்கள். எழவே முடியாத 19ஆம் தேதி போன்ற நாட்களில், மேசைக்கு அடியில் முன்பாதத்தைத் தரையில் ஊன்றியபடி குதிகாலை மட்டும் மாறி மாறி உயர்த்தி இறக்குங்கள். தறி மிதிப்பதற்கு அதுவே மிக நெருங்கிய உறவு. இந்தப் பயிற்சியைப் பற்றி 2022இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வு சமூக ஊடகங்களில் பெரிதாகப் பேசப்பட்டது. மிகச் சிலரை மட்டும் வைத்து, மணிக்கணக்கில் தனி முறையில் செய்யவைத்துப் பார்த்த ஆய்வு அது. ஆகவே இது நடைக்கு மாற்று என்று யாராவது காணொளி அனுப்பினால் நம்ப வேண்டாம்.

மாலைத் தேநீரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் சேலத்து அலுவலகத்தில் ஐந்தரை மணிக்கு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். தட்டுவடை செட்டை விடச் சொல்ல, சேலத்துக்காரனான எனக்கு வாய் வரவில்லை. அதை மேசைக்கு வரவழைக்காமல் நீங்களே கடைக்கு நடந்து போய்ச் சாப்பிடுங்கள், தினமும் என்பதை வாரத்துக்கு ஒருநாள் ஆக்குங்கள், தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள்.

முழங்காலுக்கு வருகிறேன். படி இறங்கும்போது மட்டும் வலிப்பது, பெரும்பாலும் முழங்கால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே ஏற்படும் அழுத்தத்தால் வருவது. முன்தொடைத் தசை வலுவிழந்திருப்பது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆகவே, மாடி அலுவலகமாக இருந்தால், இப்போதைக்கு ஏறும்போது படியையும் இறங்கும்போது லிஃப்டையும் பயன்படுத்துங்கள். எல்லோரும் இதை நேர்மாறாகத்தான் செய்கிறார்கள். கைப்பிடி இல்லாத, உருளாத நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, மெதுவாகப் பத்து முறை எழுந்து அமருங்கள். வலித்தால் இருக்கையின் மேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். இதோடு சுவரில் கையூன்றித் தள்ளும் பயிற்சியையும் வாரம் இரண்டு மூன்று நாள் இரவு உணவுக்கு முன் செய்தால், தசை வலுவுக்கான பங்கும் கணக்கில் சேர்ந்துவிடும். மெல்லிய ரப்பர் செருப்போடு நடக்காதீர்கள்; ஒரு ஜோடி நடைக் காலணி வாங்குங்கள். மூட்டு வீங்கினாலோ, மடக்க முடியாமல் சிக்கிக்கொண்டாலோ நேரில் காட்டுங்கள்.

ஏற்காடு? வாரம் ஒன்றிரண்டு நாட்களில் மொத்தமாக உழைப்பவர்களுக்கும் இதய நோய் குறைகிறது என்பதை, பிரிட்டனில் ஏறத்தாழ 90,000 பேரின் அசைவுகளைக் கருவியால் அளந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. எனவே உங்கள் யோசனை அர்த்தமற்றது அல்ல. ஆனால் சர்க்கரைக்கு ஞாயிறு மட்டும் போதாது. ஒருமுறை உழைத்தால் தசை இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்ப்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். செவ்வாய்க்கிழமைக்குள் ஞாயிறு ஏறிய மலை உங்கள் உடலுக்கு மறந்துபோயிருக்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்கிறோம். மேலும், நகரிலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாரம் முழுதும் அசையாதவர் ஒரே காலையில் அதை ஏறுவது இதயத்துக்குத் திடீர்ச் சுமை, இறங்குவது அந்த இடது முழங்காலுக்குப் பெருஞ்சுமை. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையில் ஞாயிற்றுக்கிழமை வாகனங்களுக்கு நடுவே நடப்பதும் எனக்கு உவப்பானதல்ல. முதல் மூன்று மாதம் ஞாயிறுகளில் மூக்கனேரிப் பக்கமோ வேறு சமதளத்திலோ நாற்பத்தைந்து நிமிடம் நடங்கள். பிறகு நண்பர்களுடன் சிறிது தூரம் ஏறிப் பாருங்கள். முழு மலையும் ஏறிய நாளில் இறங்குவதற்குப் பேருந்தைப் பிடியுங்கள்.

தொடங்கும் முன் இரத்த அழுத்தம், கொழுப்பு, ஈசிஜி மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, தலைசுற்றல் எது வந்தாலும் உடனே நின்றுவிட வேண்டும். வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மூன்று மாதச் சராசரியை மூன்று மாதம் கழித்தே மறுபடி பாருங்கள், ஏனெனில் சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள் என்பதால் அதற்கு முன் மாற்றம் முழுமையாகத் தெரியாது. எடை ஐந்து கிலோ குறைந்தாலே பயன் கணிசமாக இருக்கும். எடை அசையாமல் இடுப்பளவு மட்டும் குறைந்தாலும் அது நல்ல செய்திதான். சராசரி 6.5 அல்லது அதற்கு மேல் வந்தால் மாத்திரையைப் பற்றிப் பேசுவோம், நடை அப்போதும் தொடரும்.

பரிசோதனைக்குச் செல்லும் அன்று உங்கள் தந்தையையும் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குச் சர்க்கரை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு எப்போதாவது சர்க்கரை பார்த்ததாக எழுதவில்லை. தறியை விட்டு இறங்கி எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.