ஏ.சி. மெக்கானிக்குக்கு குவாண்டம் ஆய்வகத்தில் வேலை உண்டா?

கேள்வி: என் மகன் மெக்கானிக்கல் டிப்ளமோவில் முதல் வகுப்பு. இப்போது ஏ.சி. சர்வீஸ் கடையில் இருக்கிறான். குவாண்டம் கம்ப்யூட்டர், ஏஐ என்று பேப்பரில் வருகிற வேலையெல்லாம் பிஎச்.டி. படித்தவர்களுக்குத்தானா ஐயா?
– வாசகி, விருதுநகர்

பதில்: இல்லை அம்மா. 31 வருடம் தாழ்வெப்ப ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) வகைக் குவாண்டம் சில்லு வேலை செய்ய வேண்டுமானால், தனிச்சுழி வெப்பநிலைக்கு (அதற்குக் கீழே எதையும் குளிர வைக்க முடியாது) மேலே ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு என்ற அளவுக்கு அதைக் குளிர வைக்க வேண்டும். ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையைச் சுற்றவிட்டுத்தான் அந்தக் குளிரைக் கொண்டுவருகிறார்கள். பம்ப், வால்வு, பிரேசிங், லீக் டெஸ்ட் எல்லாம் அங்கேயும் உண்டு. உங்கள் மகன் தினமும் கையாளுகிற சாமான்கள்தான்.

வெளிச்சூடு புகாமலிருக்க உள்ளேயிருக்கும் காற்றை பம்ப் வைத்து எடுத்து வெற்றிடமாக்குவோம். ஒருமுறை இரவு முழுக்க பம்ப் ஓடியும் வெற்றிட மீட்டர் ஓரிடத்திலேயே நின்றுவிட்டது. வெல்டிங் ஒவ்வொன்றின் மேலும் ஹீலியத்தை மெல்லப் பீய்ச்சி, லீக் டிடெக்டரின் சத்தத்துக்குக் காது கொடுத்து இரண்டு நாள் தேடினோம். கடைசியில் பெரிய மூடியைக் கழற்றினால், ஓ-ரிங்கின் (மூடியைக் காற்றுப்புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) குறுக்கே ஒற்றைத் தலைமுடி! அதற்குள் ஆய்வு மாணவி ஒருவரின் அளவீடு தள்ளிப்போய்விட்டது. அன்றிலிருந்து மூடுவதற்கு முன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஓ-ரிங்கை ஒரு சுற்றுப் பார்ப்பேன்.

2024 ஆகஸ்ட்டில் 6 க்யூபிட் (குவாண்டம் கம்ப்யூட்டரின் அடிப்படைத் தகவல் அலகு) செயலி ஒன்றின் சோதனை முடிந்ததாக அறிவித்தார்கள். சில்லு மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. அதை இயக்கி அளக்கும் கருவிகளை அமைத்தது புனேயிலுள்ள டிஆர்டிஓ (பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வகம், வெளியிலிருந்து பயன்படுத்துவதற்கான மென்பொருள் டிசிஎஸ்ஸுடையது. மூன்று இடத்து ஆட்கள் சேர்ந்தால்தான் ஆறு க்யூபிட். ஏஐயும் இதில் வந்துவிட்டது. க்யூபிட்களை டியூன் செய்யவும் பிழைகளைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது. ஆனால் ஓ-ரிங்கைத் துடைக்க ஆள் வேண்டும்.

2023இல் ஒப்புதலான தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். நான்கு மையங்களில் ஒன்று சென்னை ஐஐடியில். இந்த மையங்கள் பக்கத்துப் பாலிடெக்னிக்குகளையும் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கைத்தொழில் தெரிந்தவர்கள் இல்லாமல் கோடிக்கணக்கான கருவி சும்மா நிற்பதைப் பார்த்தவன் நான்.

சரி, பையன் என்ன செய்யலாம்? ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையதளத்தில் வெற்றிடத் தொழில்நுட்பம், கிரையோஜெனிக்ஸ் (தாழ்வெப்பத் தொழில்நுட்பம்) பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். கொஞ்சம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் கற்கட்டும். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் கிரையோ இன்ஜின் சோதனைக் கூடம் இருக்கிறது. டிப்ளமோவில் முதல் வகுப்பு எடுத்தவர்களுக்கு இஸ்ரோவில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பதவி உண்டு, அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கட்டும்.

அதுவரை கடையில் தான் பிரேசிங் போட்ட குழாயில் நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் மீட்டர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.